நூறாம் நம்பர் ட்ரெபிள்

ஒரு ஹெட்போனைப் பற்றி நான் நாலு வரி நல்லதாக எழுதினால் அதை வாங்கப் பத்துப் பேர் தயாராக இருந்தார்கள். இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பைக்கில் போய் வருகிறேன். நூலை முறுக்கும் ரிங் பிரேம்கள் ஒரே கூடத்தில் வரிசையாக ஓடும்போது, பக்கத்தில் நிற்பவன் வாய் அசைவதைத்தான் பார்க்க முடியும். அதனால் மில்லுக்குள் எல்லோரும் கையால் பேசுவோம். டீ குடிக்கப் போகலாமா என்பதற்கு ஒரு சைகை, மேனேஜர் வருகிறார் என்பதற்குக் காலரைத் தொடுவது, இன்னொருவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பதற்குக்கூட ஒரு சைகை உண்டு.

அந்த இரைச்சலுக்குள் எந்த பேரிங் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. நீளமான திருப்புளியின் முனையை மிஷின் மேல் ஊன்றி, பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது தெரியும். நல்ல பேரிங் உறுமும். கெட்ட பேரிங் மணலை மெல்லும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் தவறாகச் சொன்னது மிகக் குறைவு. "அவன் காது வச்சுட்டா பொறவு பேச்சே கிடையாது" என்று மில்லில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்காதவன் போல முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோய்விடும்.

மில்லில் காதடைப்பான் தருவார்கள். ஆரஞ்சு நிறத்தில், கயிறு கட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி. எங்கள் ஃபிட்டர் கூட்டத்துக்கு அது கழுத்தோடு சரி. பெரிய அதிகாரி யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் காதுக்குள் போகும், அவர் தலை மறைந்ததும் வெளியே வந்துவிடும். காதை அடைத்துக்கொண்டு ஒருவன் என்ன மிஷின் பார்ப்பான் என்று நானே புதிதாகச் சேர்ந்தவர்களைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் ஹெட்போன் பைத்தியத்தில் விழுந்தேன். விழ வைத்தவர் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறிகள் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. அவருடைய மோட்டார் ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில், மேஜை மேல் கிடந்த ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு ஒரு நாதஸ்வரத்தைப் போட்டார். வித்வான் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. அன்றைக்குத் தொடங்கி, ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் கேட்போம். வாங்குவது அவர். தீர்ப்புச் சொல்வது நான்.

அந்தத் தீர்ப்புகளை இணையத்தில் தமிழில் ஹெட்போன் பேசும் ஒரு குழுவில் எழுத ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த பாஷை நூல் பாஷை. பேஸ், அதாவது தவில் மாதிரிக் கனத்த கீழ்ச்சத்தம், நன்றாக இருந்தால் "இருபதாம் நம்பர் நூல், நல்ல கனம்" என்று எழுதுவேன். பாடுகிற குரல் இருக்கும் நடுப்பகுதிக்கு நாற்பதாம் நம்பர். ட்ரெபிள், அதாவது ஜால்ரா, வளையல், பறவைச் சத்தமெல்லாம் வருகிற மேல்பகுதி, மெலிந்தும் அறுபடாமல் வந்தால் நூறாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தடவை விளக்கினேன். அதற்குப் பிறகு அவர்களும் "அண்ணே, இது எத்தனாம் நம்பர்?" என்றே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஹெட்போனைச் சோதிக்க எனக்கென்று ஒரு ஒலிப்பதிவும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் செண்பகத்தோப்பில், காட்டுக்குள் போகிற வழியில் வனத்துறை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், ஓடைக்கரையில் உட்கார்ந்து நானே பதிவு செய்தது. என் மனைவியும் கூட வந்திருந்தாள். மூச்சுகூடப் பலமாக விடாதே என்று அவளை மிரட்டி ஒரு பாறையில் உட்கார வைத்திருந்தேன். பதினோரு நிமிஷம். அதற்கு 'தண்ணீரும் மௌனமும்' என்று பெயர் வைத்துக் குழுவில் போட்டேன். கூடவே ஒரு குறிப்பு: "தண்ணீருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பரிபூரண அமைதியைக் காட்டுகிற ஹெட்போன்தான் நல்ல ஹெட்போன்." பலர் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், "அந்தச் சில்வண்டு ட்ரெபிளுக்கு நல்ல பரீட்சை" என்று எழுதியிருந்தார். எந்தச் சில்வண்டு? அவருடைய ஹெட்போனில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு வயல், இப்போது பிளாட். "சாயங்காலம் ஆனா பூச்சிச் சத்தம் காதைப் பிய்க்கும், இப்ப ஒரு பூச்சி உண்டா? மருந்தடிச்சே கொன்னுட்டானுவ" என்று டீக்கடையில், கல்யாண வீட்டில், பார்க்கிற இடத்திலெல்லாம் புலம்புவேன். ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. இப்படிப்பட்ட பேச்சுக்கு யார்தான் மறுப்புச் சொல்வார்கள்?

போன வருஷம் அண்ணாச்சி ஒரு ஹெட்போனைத் தருவித்தார். ஒரு ஸ்கூட்டர் விலை. தெரிந்த வியாபாரியிடம் பத்து நாள் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கியிருந்தார். பெட்டியைத் திறந்து, தான் தொட்டுக்கூடப் பார்க்காமல் என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, இதை நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒரு வாரம் கேளுங்க. நீங்க சொன்னா வாங்குதேன், வேண்டாம்னா திருப்பி அனுப்பிடுதேன். எனக்கு உங்க காதுதான் கணக்கு."

குழுவிலும் இந்த விஷயம் பரவிவிட்டது. என் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருப்பதாக ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள்.

முதல் நாள் கேட்டேன். மந்தமாக இருந்தது. பேஸ் அருமை, குரல் அருமை, அதற்கு மேல் யாரோ போர்வையைப் போட்டு மூடியது போல. இரண்டாம் நாளும் அப்படியே. எனக்குப் பிடித்த பழைய ஹெட்போனை எடுத்து மாட்டினேன். அதில் ஜால்ரா பளிச்சென்று வந்தது. நான் நூறாம் நம்பர் கொடுத்து எழுதியது அது. 'இத்தனை விலைக்கு இந்த லட்சணமா' என்று தீர்ப்பின் முதல் வரியை மனசுக்குள் எழுதியும் விட்டேன்.

என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் மிஷினுக்கு ஓய்வு. தீர்ப்பு முடியாததால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணாச்சியிடம் போகவில்லை. காலையில் அவள் காப்பி கொண்டு வந்தபோது, சும்மா அவள் தலையில் அந்த விலை உயர்ந்த ஹெட்போனை மாட்டி, என் செண்பகத்தோப்புப் பதிவைப் போட்டேன். ஏனோ அதுவரைக்கும் அவளுக்கு அதைப் போட்டுக் காட்டியதே இல்லை.

கண்ணை மூடிக் கேட்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, அங்க உக்காந்திருக்க மாதிரியே இருக்கே. தண்ணி இந்தப் பக்கம் போவுது. சில்வண்டு அந்தப் பக்கம், நமக்குப் பின்னால மரத்துல..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "அடுப்புல பால் இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

பால் அப்போதுதான் காய்ச்சி இறக்கியிருந்தது. அது எனக்கும் தெரியும்.

நான் மறுபடி கேட்டேன். பதினோரு நிமிஷமும் கேட்டேன். தண்ணீர் இருந்தது. வண்டு இல்லை. ஒரு மிஷினில் எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. பயமெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, இதென்ன என்று குடைந்து பார்க்கும் ஆசைதான்.

செல்போனில் ஒரு ஆப் இருக்கிறது. ஒற்றை ஒலியைத் தாழ்வான இடத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போகும். மனைவியைக் கூப்பிட்டு வாசல் அறையில் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஹெட்போனின் ஒரு குமிழ் என் காதில், இன்னொரு குமிழ் அவள் காதில். தலையோடு தலை முட்டிக்கொண்டு கல்யாண போட்டோவில்கூட நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. சத்தம் கேட்கிறவரை விரலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், நின்றதும் இறக்க வேண்டும். இதுதான் விதி.

ஒலி ஏறியது. உறுமல், ஊதல், விசில் என்று போய், கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, எனக்கு நின்றது. விரலை இறக்கினேன். அவளும் அதே நொடி இறக்கினாள்.

அப்பாடா என்று இருந்தது. உடனேயே ஃபிட்டர் புத்தி விழித்துக்கொண்டது. இரண்டு மிஷின் ஒரே நொடியில் நிற்காது. ஒன்று இன்னொன்றைப் பார்த்து நின்றிருக்க வேண்டும்.

"இன்னொரு தடவை. இந்தத் தடவை கண்ணை மூடிக்கோ" என்றேன்.

"எதுக்குங்க, செத்த நேரம் கழிச்சுப் பாப்போமே."

"கண்ணை மூடுட்டி."

மூடிக்கொண்டாள். ஒலி ஏறியது. என் விரல் முன்பு இறங்கிய இடத்திலேயே இறங்கியது. அவள் விரல் நின்றது. செல்போன் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. எனக்கு வெறும் நிசப்தம். அவள் விரல் இன்னும் நின்றது. நான் நின்ற இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போன பிறகுதான் மெதுவாக இறங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ராஜபாளையத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனைக்குப் போனேன். காது சோதிக்கிற பெண் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார். முடித்து வெளியே வந்ததும் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். இடது பக்கம் சமதரையாக வந்த கோடு, பாதிக்கு மேல் கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கிவிட்டது.

"எந்த மில்லு சார்?" என்றார்.

மில்லா என்று கேட்கவில்லை. எந்த மில் என்றுதான் கேட்டார்.

நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். இரைச்சலில் முதலில் போவது மேல்பகுதிதான், கீழ்ப்பகுதி நல்லபடியாகவே இருக்கும், அதனால்தான் ஆளுக்குத் தெரிவதில்லை. பேச்சு கேட்கும், பேரிங் உறுமல் கேட்கும், திருப்புளியை எலும்பில் வைத்துக் கேட்பது கட்டாயம் கேட்கும். ஜால்ராவின் மேல் ஓசை கேட்காது, வண்டு கேட்காது. போனது திரும்பி வராது. இருக்கிறதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

"காதடைப்பான் தரலியா சார்?"

"தந்தாங்கம்மா. போட்டா மிஷின் சத்தம் கேக்காதேன்னு போடலை" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று உறைத்தது. காது நல்ல காது என்று பெயர் வாங்கவே காதைத் திறந்து வைத்திருந்தேன். திறந்து வைத்த வழியாகவே அது போய்விட்டது.

வெளியே வந்து பைக்கை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவமானமாக இருந்தது. அதற்கு முந்தின வருஷம் நான் நூறாம் நம்பர் கொடுத்த அந்தப் பழைய ஹெட்போனை என் பேச்சை நம்பி வாங்கிய ஒருவர், "அண்ணே, ட்ரெபிள் காதைக் கிழிக்குது" என்று எழுதியிருந்தார். "உங்கள் காதுக்கு இன்னும் பழக்கம் போதாது" என்று பதில் போட்டிருந்தேன். அந்த ஒரு வரி அன்றைக்கு முழுக்க என்னைக் குடைந்தது. அது மற்றவர்களுக்குக் காதைக் கிழிக்கிற ஹெட்போன். அப்படிக் கிழித்தால்தான் எனக்கு எட்டும்.

ஒருவருக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். மனைவியிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த யோசனை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்தபோது, அவர் பேனாவும் நோட்டுமாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு மேல் சத்தம் கேக்கலை. என் பதிவுல கத்துற சில்வண்டுகூடக் கேக்கலை. ஆஸ்பத்திரியில பாத்துட்டேன். இந்த ஹெட்போன் நல்லாருக்கு. என் காதுதான் நல்லா இல்லை."

அவர் பொதுவாக எங்களிடம் தமிழில்தான் பேசுவார். ஆச்சரியப்பட்டால் மட்டும் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும்.

"அவுனா?" என்றார். பிறகு, "எனக்குக்கூட அந்தப் பதிவுல வண்டு ஒண்ணும் கேட்டதில்லையே" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணாச்சி பிறந்து வளர்ந்தது தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில். எழுந்திருப்பதும் தூங்குவதும் தறிச் சத்தத்தில். செல்போனை எடுத்தேன். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். விதியைச் சொன்னேன். ஒலி ஏறியது. என் விரல் இறங்குகிற இடத்துக்கு முன்னாலேயே அவர் விரல் இறங்கிவிட்டது.

அடுத்த கட்டிடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ அஞ்சு வருசமா நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்னத்தத்தான் கேட்டோம்?" என்றார்.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஸ்கூட்டர் விலை ஹெட்போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். ஒப்பிட்டுக் காட்ட நான் கொண்டுபோயிருந்த, காதைக் கிழிக்கும் அந்தப் பழைய ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, "நமக்கு இதுதான் சரி தம்பி. நம்ம காதுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது ஒரு நல்ல விமர்சனம். நான் எழுதிய எதிலும் அத்தனை உண்மை இருந்ததில்லை.

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். மருத்துவமனைக் கோட்டுப் படத்தையும் போட்டேன். "இந்தக் கோடு கீழே இறங்குகிற இடத்தோடு என் தீர்ப்பு முடிகிறது. அதற்கு மேல் இருப்பது என் மனைவி சொன்னது" என்று குறிப்பிட்டு, அந்த ஸ்கூட்டர் விலை ஹெட்போனின் ட்ரெபிளுக்கு அவள் வாயால் வந்ததை அப்படியே எழுதினேன்: தண்ணி இந்தப் பக்கம், வண்டு அந்தப் பக்கம், பின்னால மரத்துல. காது கிழிகிறது என்று சொன்னவரிடம் பெயர் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணே, நான் அதை வித்துட்டேன்" என்று பதில் வந்தது. சிலர் குழுவை விட்டே போனார்கள். சிலர் தங்கள் விரல் எந்த எண்ணில் இறங்கியது என்று எழுதினார்கள். அதில் ஒரு பஸ் டிரைவரும், பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவரும் இருந்தார்கள். அவர்களோடு எனக்கு இப்போது தனிப் பழக்கம்.

மில்லில் ஆரஞ்சு அடைப்பானைக் காதுக்குள் திணித்துக்கொண்டு போனேன். யாரும் வாய் திறக்கவில்லை, கைதான் பேசியது. எதிர் வரிசையில் நின்றவன் காலரைத் தொட்டு, எங்கேடா மேனேஜர் என்று சுற்றும் முற்றும் தேடினான். திருப்புளியைக் காதோர எலும்பில் வைத்தேன். அடைப்பானோடும் பேரிங் உறுமியது. முன்பைவிடத் தெளிவாகவே உறுமியது. இருபத்திரண்டு வருஷம் ஒரு தடவைகூட அப்படி வைத்துப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரு ஆசைதான். அந்த வண்டு எங்கே இருந்து கத்தியது என்று பார்க்க வேண்டும். ஒரு சாயங்காலம் மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போனேன். அதே ஓடை, அதே பாறை. இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று செக்போஸ்டில் சொல்லி அனுப்பினார்கள். எனக்குத் தண்ணீர் கேட்டது, தூரத்தில் ஒரு மாடு கேட்டது.

"இருக்கா?" என்றேன்.

"இருக்குங்க. எம்புட்டோ இருக்கு."

"நம்ம வீட்டுக்குப் பின்னால?"

கொஞ்சம் தயங்கினாள். "அங்கேயும் இருக்கு. தினமும்தான் கத்துது."

பூச்சியைக் கொன்றுவிட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்தது. அந்தப் பூச்சிகள் என் ஜன்னலுக்கு வெளியே கத்திக்கொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கிறேன்.

"எனக்குக் கேக்கலேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மொத மொத பூச்சியெல்லாம் செத்துப் போச்சுன்னு சொன்னீங்கல்லா, அன்னைக்கே தெரியும். அப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அது ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி. "பொறவு ஏன் சொல்லல?"

"ஊரே உங்க காதை மெச்சிக்கிட்டுக் கெடக்கு. நீங்களும் அதுல அம்புட்டுச் சந்தோசமா இருந்தீங்க. நான் எப்படிங்க சொல்லுவேன்?"

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எனக்கு அழுகை வருது என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் மலர்த்தி வைத்து, உள்ளங்கையில் விரலால் தட்டத் தொடங்கினாள். வேகமாக ஏழெட்டுத் தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஏழெட்டுத் தட்டு.

"என்னது?" என்றேன்.

"வண்டுதான். அது கத்துறப்ப தட்டுதேன், நிறுத்துனா நிறுத்துதேன். இது ஒண்ணு. செத்த இருங்க, அந்தப் பக்கம் இன்னொண்ணு ஆரம்பிக்குது."

அவளுடைய இன்னொரு விரலும் சேர்ந்துகொண்டது. கிளம்பச் சொல்லிச் செக்போஸ்டிலிருந்து விசில் ஊதியிருக்கிறார்கள், அதையும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தட்டு என்றேன்.